எடை குறைந்த பின் கசிந்த ஈறு: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மார்ச் மாதத்தின் முதல் வாரத்தில் 43 வயதுப் பெண்மணி ஒருவர் மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலுள்ள எங்கள் பல் கிளினிக்கிற்கு வந்தார். இரண்டு மாதங்களாகப் பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் இரத்தம் வருகிறது, மேல் முன்பற்களுக்கு இடையிலுள்ள ஈறு வீங்கியிருக்கிறது, காலையில் எழுந்தால் தலையணை உறையில் துருப்பிடித்தாற்போல் கறை இருக்கிறது என்று சொன்னார். அருகிலுள்ள செம்பனைத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்கிறார். புகைப்பதில்லை. வெற்றிலை போடும் வழக்கம் பால்மரம் (ரப்பர்) வெட்டிய அவருடைய தாயாரோடு நின்றுவிட்டது. இங்கே எழுதப்படுபவை அவருடைய ஒப்புதலோடு எழுதப்படுகின்றன. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

முகப்பில் நிரப்பித் தந்த படிவத்தில், அறுவை சிகிச்சை செய்துகொண்டது உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று குறியிட்டிருந்தார். மருந்து ஏதும் உட்கொள்கிறீர்களா என்பதற்கும் இல்லை. நீரிழிவு என்ற இடத்தில் மட்டும், முன்பு இருந்தது என்று கையால் எழுதியிருந்தார். கேட்டபோது, ஆறு ஆண்டுகள் மெட்ஃபார்மின் எடுத்ததாகவும் கடந்த சில மாதங்களாக அது நிறுத்தப்பட்டிருப்பதாகவும் சொன்னார். "நல்லா இளைச்சிட்டேன் டாக்டர், அதனால நிறுத்திட்டாங்க" என்றார். நான் பாராட்டினேன். அந்தப் பாராட்டோடு, எப்படி இளைத்தீர்கள் என்று கேட்டிருக்க வேண்டிய இடமும் கடந்துபோயிற்று.

பரிசோதனையில் 27 பற்கள் இருந்தன. கீழ் இடது முதல் கடைவாய்ப்பல் பல ஆண்டுகளுக்கு முன்பே பிடுங்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்கள் என 162 இடங்களில் அளந்ததில், 100 இடங்களில் இரத்தம் கசிந்தது. அது 62 விழுக்காடு. பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள ஈற்றுப் பையின் ஆழம் 38 இடங்களில் 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தது. அவற்றுள் 7 இடங்களில் 6 மில்லிமீட்டரைத் தொட்டோ தாண்டியோ இருந்தது. பற்படலம், அதாவது பல்லில் ஒட்டும் கிருமிப் படிவு, 48 விழுக்காட்டுப் பரப்பில் படிந்திருந்தது. எக்ஸ்ரே படத்தில் கடைவாய்ப் பற்களைச் சுற்றிய எலும்பு, மிக மோசமான இடத்தில் வேரின் நீளத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு இறங்கியிருந்தது. 2017ஆம் ஆண்டின் உலகக் கருத்தரங்கில் உருவாகி 2018இல் வெளியான வகைப்பாட்டின்படி இது மூன்றாம் நிலைப் பற்சுற்றுத் திசு அழற்சி. எலும்பிழப்பு விழுக்காட்டை வயதால் வகுத்தால் 0.93 வருவதால், நோய் முன்னேறும் வேகத்தில் இது நடுத்தரமான 'பி' தரம். இந்த வகைப்பாட்டில் நீரிழிவாளரின் எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவு 7 விழுக்காட்டையோ அதற்கு மேலோ எட்டினால் தரம் 'சி'க்கு ஏறிவிடும். அவருடைய அப்போதைய அளவு 6.1 என்பதால் 'பி'யிலேயே விட்டேன். ஓராண்டுக்கு முன் வந்திருந்தால் 8.9 என்ற அளவோடு 'சி'யில் எழுதியிருப்பேன். இழந்த எலும்பின் பெரும்பகுதி அந்த ஆண்டுகளின் கணக்கு என்றே எண்ணுகிறேன்.

இதுவரை எங்கள் பட்டணத்தில் அன்றாடம் காணும் கதைதான். இங்கே தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகளில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தவர்கள் பெரும்பாலும் தாமான்களுக்கு (வீடமைப்புக் குடியிருப்புகளுக்கு) குடிபெயர்ந்து, உடலுழைப்பு குறைந்த பின்னும் தட்டில் சோறும் கோப்பையில் சீனியும் குறையவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நீரிழிவும் ஈறு நோயும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பவை. ஆகவே, இனிப்பு நீர்க்காரருடைய பழைய ஈறு நோய், இனிச் சுத்தம் செய்தால் அடங்கும் என்று முடிவுகட்டி, அன்றே ஸ்கேலிங் (பற்காரை நீக்கம்) செய்து, துலக்கும் முறையைக் காட்டி அனுப்பினேன்.

அன்று கண்டும் எடைபோடாமல் விட்டவை நான்கு. முதலாவது, ஈற்றின் நிறம். பற்படலத்தால் வரும் அழற்சியில் ஈறு சிவக்கும். இவருக்கு முன்பற்களின் இடை ஈறு ஊதா கலந்த கருஞ்சிவப்பாக, அழுத்தினால் பஞ்சுபோல் உள்வாங்கியது. முன்பற்களில் படலம் குறைவாகவும் கசிவு மிகுதியாகவும் இருந்ததே அப்போது உறுத்தியிருக்க வேண்டும். இரண்டாவது, நாக்கு. சுரசுரப்பு தேய்ந்து வழவழப்பாக இருந்தது. வாயின் இரு ஓரங்களிலும் வெடிப்பு. மூன்றாவது, மேல் முன்பற்களின் உட்புறத்தில் எனாமல் கரைந்து, பழுப்பு மஞ்சளாகப் பல்லின் உள்ளடுக்கு தெரிந்தது. அமிலம் உள்ளிருந்து மேலேறி வந்தாலன்றி அந்த இடம் மட்டும் இப்படிக் கரையாது. நான்காவது, மிக எளிதானது. வலிக்குப் போன்ஸ்டான் எழுதப்போனபோது, அது வேண்டாம் டாக்டர், வயிற்றுக்கு ஆகாது என்று அவசரமாகத் தடுத்தார். பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தேனே தவிர, ஏன் ஆகாது என்று கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து வந்தபோது பற்படலம் 29 விழுக்காடாகக் குறைந்திருந்தது. கண்ணாடி முன் நின்று சொன்னபடி துலக்கியிருக்கிறார் என்பது தெளிவு. ஆனால் கசிவு 94 இடங்களில், அதாவது 58 விழுக்காட்டில் நின்றது. பொதுவாக இவ்வளவு படலம் போனால் கசிவும் உடன் இறங்கும். இங்கே இறங்கவில்லை. அளவுகோலின் முனை ஈற்றைத் தொட்ட இடத்தில் புள்ளியாக அல்ல, கோடாகவே இரத்தம் ஓடி, அடுத்த பல்லின் ஓரத்தில் தேங்கியது.

இதற்குப் பின் நடந்ததில் பாராட்டுக்குரியவர் எங்கள் தாதி. நம் வழக்கப்படி கிளினிக் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அந்த அம்மா குனிந்து செருப்பைக் கழற்றியபோது, கால்சட்டையின் ஓரம் ஏறிக் கணுக்காலுக்கு மேலே சிறுசிறு செம்புள்ளிகளும், இடித்துக்கொண்டதுபோல் ஒரு கன்றிய திட்டும் தெரிந்திருக்கின்றன. தாதி என் காதில் சொன்னார். உள்ளே அனுமதி கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மயிர்க்காலைச் சுற்றி இருந்தது. சில மயிர்கள் நேராக நில்லாமல் திருகிச் சுருண்டிருந்தன. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்குப் பாடப்புத்தகத்தில் கண்ட படம் நினைவுக்கு வந்தது. நேரில் பார்ப்பது அதுவே முதல் தடவை.

கதவைச் சாத்திவிட்டு, வேறு வகையில் கேட்டேன். அம்மா, எடை குறைவதற்காக ஏதாவது செய்துகொண்டீர்களா, மாத்திரையோ ஊசியோ வயிற்றில் சிகிச்சையோ, இங்கே சொல்வது வெளியே போகாது என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ஏழு மாதங்களுக்கு முன் ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரைப்பையைக் குறைக்கும் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டதாகச் சொன்னார். கணவரைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது. "கத்தி வச்சு இளைச்சான்னு பேசுவாங்க டாக்டர்" என்றார். கிளினிக் முகப்பில் படிவத்தை வாங்கும் பெண்ணும் அவருடைய தாமானைச் சேர்ந்தவர். படிவத்தில் பொய் எழுதியதன் காரணம் அவ்வளவுதான்.

வீட்டிலும் அலுவலகத்திலும் அவர் விரதம் இருந்து இளைத்ததாகவே நம்பினார்கள். அவரும் அந்த நம்பிக்கைக்கு ஏற்ப, ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குத் தைப்பூசப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு 48 நாள் மரக்கறி உணவோடு இருந்திருக்கிறார். முட்டையும் மீனும் கோழியும் அந்த நாள்களில் இல்லை. பக்தியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அறுவைக்குப் பின் நாளொன்றுக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும் என்று சொல்லப்பட்ட ஒருவருக்கு, பருப்புத் தண்ணீரும் கஞ்சியும் அந்த அளவில் பாதியையும் எட்டியிருக்காது.

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் நீளவாக்கில் வெட்டி எடுக்கப்பட்டு, வாழைப்பழம் போன்ற ஒரு குழாய் மட்டும் மிஞ்சும். பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்பு குறைவதால் பசி அடங்கும். நான்கைந்து வாயில் வயிறு நிறையும். அவருடைய எடை 104 கிலோவிலிருந்து 78 கிலோவாக இறங்கியிருந்தது. 156 செண்டிமீட்டர் உயரத்திற்குப் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீடு) 42.7 என்பது 32 ஆனது. சர்க்கரை அடங்கியது, இரத்த அழுத்தம் இறங்கியது, படியேறும்போது மூச்சு வாங்குவது நின்றது. அறுவை மருத்துவரின் கணக்கில் இது முழு வெற்றி. அதை நான் குறைத்துப் பேசவில்லை.

வெட்டி எடுக்கப்பட்ட பகுதியில்தான் வைட்டமின் பி12ஐக் குடல் உறிஞ்சுவதற்குத் துணைசெய்யும் புரதத்தையும், இரும்புச்சத்தைக் கரைத்துத் தரும் அமிலத்தையும் சுரக்கும் செல்கள் பெருமளவில் இருந்தன. அதனால்தான் இந்த அறுவை செய்துகொண்டவர்கள் வாழ்நாள் முழுதும் சத்து மாத்திரை எடுக்க வேண்டும் என்று சொல்லப்படுகிறது. இவருக்கும் சொல்லியிருக்கிறார்கள், மூன்று மாதம் எடுத்தும் இருக்கிறார். பிறகு குமட்டல், அதோடு மாதம் நூற்றைம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் செலவு. வாந்தி எடுத்த ஒரு நாளில் நிறுத்தியவர் மீண்டும் தொடங்கவில்லை. நான்காம் மாதம் போக வேண்டிய மறுபரிசோதனைக்கும் போகவில்லை, மாத்திரையை நிறுத்தியதற்குத் திட்டுவார்கள் என்று.

வைட்டமின் சி கதை வேறு. அதை உறிஞ்சுவதில் இந்த அறுவை பெரிய தடை செய்வதில்லை; தடை வாயிலேயே ஏற்பட்டது. ஆரஞ்சும் கொய்யாவும் நெஞ்சை எரிக்கின்றன என்று விட்டுவிட்டார். சம்பல் (மிளகாய்த் துவையல்) பட்டால் நாக்கு எரிகிறது என்று மிளகாயும் தக்காளியும் போயின. கீரை தொண்டையில் சிக்கியது. ஐந்து மாதங்களாகப் பச்சையாகவோ புளிப்பாகவோ எதுவும் உள்ளே போகவில்லை. மனித உடல் இந்த வைட்டமினைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. இருப்பும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குத்தான் வரும். ஸ்கர்வியைக் கப்பலோட்டிகளின் நோய் என்று பள்ளியில் படித்ததும், 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பற்படை மருத்துவர் எலுமிச்சையும் ஆரஞ்சும் கொடுத்துச் சோதித்ததும் பலருக்கு நினைவிருக்கும். கப்பலே ஏறாத, கொய்யா மரம் கொல்லையில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு அந்த நோய் வந்திருப்பதுதான் இங்கே விந்தை.

ஈறு ஏன் முதலில் காட்டிக்கொடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஈற்றையும் எலும்போடு பல்லைக் கட்டிவைத்திருக்கும் நாரையும் ஆக்குவது கொலாஜன் என்னும் புரதம். உடலின் மற்ற இடங்களைவிட இங்கே அது வேகமாக அழிந்து வேகமாகப் புதுப்பிக்கப்படுகிறது. அதன் இழைகளை முறுக்கி உறுதியாக்கும் நொதிகள் வேலை செய்ய வைட்டமின் சி வேண்டும். அது இல்லையேல் புதிதாக வரும் இழை தளர்ந்தே வருகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரும் வலுவிழக்கிறது. அதோடு ஒன்று: பல்லே இல்லாத இடத்தில் இந்த வீக்கம் வருவதில்லை. இவருக்கும், பல் பிடுங்கிய இடத்து ஈறு இளஞ்சிவப்பாக நலமாகவே இருந்தது. படலம் தீ மூட்டுகிறது, சத்துக் குறைவு அதை அணையவிடுவதில்லை என்று வைத்துக்கொண்டால் இரண்டும் பொருந்துகின்றன.

இனி, வாயின் நேர அட்டவணை. இந்த நிகழ்வில் நான் கற்றுக்கொண்டவற்றுள் பெரியது இதுவே. ஒரு நாளில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் கஞ்சி, பிஸ்கட், மைலோ (இனிப்பான சாக்லேட் மால்ட் பானம்) என்ற மூன்று சொற்களில் விடை வந்தது. எத்தனை தடவை வாயில் ஏதாவது போகிறது என்று கேட்டு, மணிவாரியாக அவரையே எழுதச் சொன்னபோது காட்சி மாறியது. பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) முன் அலுவலகம் திறக்க வேண்டும் என்பதால் ஐந்தே காலுக்கு மைலோ, அரை கோப்பை. ஒரே மூச்சில் குடிக்க முடியாது. ஆறேகால் வரை சிறுசிறு வாயாகப் போகும். ஏழரைக்குப் பசியாற இரண்டு பிஸ்கட், மைலோவில் தோய்த்து. மேசையில் ஒரு லிட்டர் குடுவையில் ரோஸ் சிரப் கலந்த தண்ணீர். வெறும் தண்ணீர் குமட்டுகிறது என்பதால். அது மாலை நான்கு வரை ஓடும். இடையில் இனிப்பிட்ட புரதப் பொடிப் பானம், கஞ்சி, மீண்டும் பிஸ்கட், இரவு படுக்குமுன் மறுபடியும் மைலோ. எண்ணிப் பார்த்ததில், விழித்திருக்கும் பதினேழு மணி நேரத்தில் வாயில் சீனி படாத இடைவெளி ஒரு மணி நேரத்துக்கு மேல் இரண்டே முறைதான் வந்தது.

சிறிது சிறிதாக, அடிக்கடி, உணவோடு சேர்க்காமல் தண்ணீரைத் தனியே பருகுங்கள் என்பது அறுவைப் பிரிவு தரும் சரியான அறிவுரை. வயிற்றுக்கு அது சரி. அந்தச் சிறு வாய்களில் என்ன இருக்க வேண்டும் என்பது பல்லின் கேள்வி. அதை அவரிடம் எவரும் எழுப்பவில்லை. அறுவைக்கு முன் இதயத்தையும் நுரையீரலையும் உறக்க மூச்சுத்திணறலையும் பார்த்தவர்கள் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. இதில் எவரையும் குற்றஞ்சாட்டுவதற்கில்லை. எங்கள் துறையிலும் அங்கே போய்ச் சொன்னவர் இல்லை.

வாரத்தில் இரண்டு மூன்று நாள், கோழியோ கெட்டிச் சோறோ சற்று வேகமாக உண்டுவிட்டால் வாந்தி. வாந்தி வந்தவுடன் வாய் நாற்றம் போக அழுத்தித் துலக்குவாராம். அமிலத்தில் இளகியிருக்கும் எனாமலைத் தேய்த்து எடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. ஸ்லீவ் அறுவைக்குப் பின் அமிலம் மேலேறுவது பலருக்குக் கூடுகிறது என்பதும் அறிந்ததே. முன்பற்களின் உட்புறம் கரைந்ததற்கு விடை கிடைத்தது.

அந்த அம்மாவின் அனுமதியோடு அறுவை மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன்; பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று, இரத்தப் பரிசோதனைக்குப் பட்டணத்திலுள்ள பொது மருத்துவரிடம் அன்றே அனுப்பினேன். ஹீமோகுளோபின் 9.8 கிராம், ஃபெரிட்டின் 7 நானோகிராம், வைட்டமின் டி 14 நானோகிராம், பி12 168 பிக்கோகிராம் என்று எல்லாமே குறைவாக வந்தன. இரத்தத் தட்டுகளும் உறைதல் நேரமும் சரியாக இருந்தன. ஆகவே கசிவுக்கு இரத்த நோய் காரணமல்ல. வைட்டமின் சி மட்டும் வெளி ஆய்வகத்துக்குப் போய்ப் பத்து நாள் கழித்து 0.15 மில்லிகிராம் என்று வந்தது; 0.2க்குக் கீழே இருந்தாலே குறைபாடு. பி12 இவ்வளவு விரைவில் தீர்ந்துபோனதற்கு அறுவையை மட்டும் சொல்ல முடியாது. அதன் இருப்பு ஆண்டுக்கணக்கில் தாங்கக்கூடியது. ஆறு ஆண்டு மெட்ஃபார்மின் அதன் உறிஞ்சலைக் குறைத்து, கத்தி படும் முன்பே இருப்பைக் கரைத்திருக்க வேண்டும்.

முடிவு வரும்வரை காத்திராமல் பொது மருத்துவர் வைட்டமின் சி மாத்திரையைத் தொடங்கினார். பி12 ஊசியாகவும், மாத்திரை ஒத்துக்கொள்ளாததால் இரும்புச்சத்து நரம்பு வழியாகவும் ஏற்றப்பட்டன. நான் கேட்டுக்கொண்டது ஒன்றே. மென்று தின்னும் வைட்டமின் சி மாத்திரையும் மிட்டாய் போன்ற ஜெல்லி மாத்திரையும் வேண்டாம், விழுங்குவதாகக் கொடுங்கள் என்றேன். முன்னது நேரடி அமிலம், பின்னது சீனி. ஏற்கெனவே கரைந்த பல்லுக்கு இரண்டும் ஆகா. கால்சியத்தில், வயிற்றமிலம் இல்லாமலும் கரையும் சிட்ரேட் வகையை, இரும்புச்சத்திலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி எடுக்கும்படி மருத்துவர் எழுதினார்.

என் பங்கில், ஈற்றை உடனே ஆழமாகச் சுத்தம் செய்யாமல் மூன்று வாரம் நிறுத்தி வைத்தேன். கொலாஜன் உருவாகாத இடத்தில் கருவியை இறக்கினால் ஆறாது என்பது ஒரு காரணம். எதனால் எது குறைகிறது என்று பார்க்க வேண்டும் என்பது, மறைக்காமல் சொன்னால், இன்னொன்று. குடுவையில் ரோஸ் சிரப்புக்குப் பதிலாக, சீனி இல்லாமல் பண்டான் இலை போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் என்று பேசி முடித்தோம்; இந்த யோசனை அவருடையது. மைலோவை விடச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு முறை, அதுவும் உணவு நேரத்தோடு ஒட்டி, ஒரு மணி நேரம் இழுக்காமல். வாந்தி வந்தால் சமையல் சோடா கலந்த தண்ணீரில் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்தே துலக்குவது. 1450 பிபிஎம் அளவு ஃபுளோரைடு உள்ள பற்பசை, துலக்கிய பின் துப்பிவிட்டுத் தண்ணீரால் அலசாமல் விடுவது. பல்லிடைத் தூரிகை, இரவில் ஒரு முறை.

ஐந்தாம் நாள் குரல் செய்தி அனுப்பினார். தலையணையில் கறை இல்லை என்றார். மூன்று வாரம் கழித்து அளந்தபோது, பற்படலம் 27 விழுக்காடு. முன்னைய 29இலிருந்து பெரிய மாற்றம் இல்லை. கசிவோ 58இலிருந்து 31 விழுக்காடாகியிருந்தது. ஆழ்சுத்தம் இன்னும் தொடங்கவில்லை. காலில் புள்ளிகள் மறைந்திருந்தன. இந்த இரண்டு எண்களுக்காகத்தான் இந்த நிகழ்வை எழுத நினைத்தேன்.

பிறகு, மரத்துப்போகும் ஊசி போட்டு இரண்டு அமர்வுகளில் வேர்ப்பரப்புகளைச் சுத்தம் செய்தேன். மூன்று மாதம் கழித்து மறுமதிப்பீட்டில் கசிவு 14 விழுக்காடு, படலம் 17 விழுக்காடு. 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் ஆழமான இடங்கள் 38இலிருந்து 11, 6 மில்லிமீட்டர் வரிசையில் ஒன்றே ஒன்று. ஹீமோகுளோபின் 11.9. நாக்கில் சுரசுரப்பு திரும்பியிருந்தது. சம்பல் தொட்டுத் தோசை சாப்பிட்டதாக, பரிசோதனை முடிவைவிட மகிழ்ச்சியோடு சொன்னார். ஒன்பதாம் மாதத்தில் கசிவு 9 விழுக்காடு. நோய் அடங்கியிருக்கிறது என்று சொல்லப் பத்துக்குக் கீழே வேண்டும்.

இதைக்கொண்டு எவ்வளவு சொல்லலாம் என்பதில் கவனம் வேண்டும். உடற்கொழுப்பு தானே அழற்சிப் பொருள்களைச் சுரப்பது. எடையும் சர்க்கரையும் குறைந்தால் ஈறும் தேற வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. வெளிவந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. அறுவைக்குப் பிந்தைய முதல் மாதங்களில் கசிவு கூடியதாகச் சிலவும், காலம் சென்ற பின் குறைந்ததாகச் சிலவும் கூறுகின்றன. இவருக்கு ஏழாம் மாதத்தில் நான் கண்ட கசிவை, அறுவையின் நேர்விளைவு என்று நான் சொல்லமாட்டேன். பழைய நீரிழிவு எலும்பைக் கரைத்து வைத்திருந்தது. சிறுவாய்ச் சீனி படலத்தை ஊட்டியது. சத்து மாத்திரை நின்றதும் பழம் நின்றதும் ஈற்றின் தற்காப்பைப் பறித்தன. மூன்றாவதைத் திருத்தியதும் கசிவு பாதியானதால் அதன் பங்கு பெரிது என்று கொள்ளலாம். ஆயினும் இரும்பும் பி12உம் அதே வாரங்களில் ஏறின. ரோஸ் சிரப்பும் நின்றது. படலத்தின் பரப்பு மாறாவிட்டாலும் அதன் தன்மை மாறியிருக்கலாம். ஒருவரை வைத்து இவற்றைப் பிரித்துப் பார்க்க இயலாது.

பட்டணத்துப் பல் மருத்துவர்களுக்கு இது அருங்காட்சியாக இனி இருக்காது. 2022இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல், ஆசியர்களுக்குப் பி.எம்.ஐ. 27.5 என்ற அளவிலேயே இந்த அறுவையை முன்வைக்கலாம் என்கிறது. அந்த அளவைத் தாண்டியவர்கள் எங்கள் காத்திருப்பு அறையில் எந்த நாளிலும் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். இரைப்பையைக் குடலோடு மாற்றி இணைக்கும் பைபாஸ் அறுவை செய்தவர்களுக்குப் போன்ஸ்டான் வகை வலி மாத்திரைகள் இணைப்பிடத்தில் புண்ணை உண்டாக்கக்கூடியவை என்பதால், அறுவை நடந்ததை அறியாமல் மருந்து எழுதுவது ஈற்றைவிடப் பெரிய ஆபத்து. இவர் தடுத்தார், எல்லாரும் தடுக்கமாட்டார்கள்.

எங்கள் படிவத்தை மாற்றினோம். அறுவை செய்துகொண்டது உண்டா என்ற பொதுக் கேள்வியின் கீழ், எடை குறைப்பதற்காக வயிற்றில் சிகிச்சை, பலூன், ஊசி என்று தமிழிலும் மலாயிலும் தனியே ஒரு வரி. ஆனால் அந்த வரியை முகப்பில் நிரப்பச் சொல்வதில்லை. உள்ளே, கதவு சாத்திய பின் நானே கேட்கிறேன். இந்த மாற்றம் வந்த பின் இன்னும் இருவர் ஆம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் நான்கு ஆண்டுகளாக எங்களிடம் வருபவர்.

அந்த அம்மாவுக்கு எஞ்சியிருப்பது மேல் வலது முதல் கடைவாய்ப்பல்லில், வேர்கள் பிரியும் இடத்தை ஒட்டிய 6 மில்லிமீட்டர்ப் பை. ஈற்றைத் திறந்து சுத்தம் செய்ய ஈப்போவிலுள்ள ஈறு நோய் நிபுணருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். மறுபடியும் கத்தியா என்று கேட்டு, கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னும் போகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிறார்; அந்தப் பல்லை ஒவ்வொரு முறையும் ஆறு இடங்களில் அளந்து எழுதி வருகிறேன்.